பஸ் நின்ற வாசல்

ஜனவரி 12

சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கி ஆறாம் நாள். காலை முதல் சாறு, லேபில் நான் அளந்த தூய்மை 82.9. கரும்பு இன்னும் முற்றவில்லை, வெட்ட அவசரப்பட்டிருக்கிறார்கள். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

கெய்ரோ தலைமை அலுவலகத்திலிருந்து ஆளுக்கொரு தாள் வந்திருக்கிறது. ஒரே கேள்வியைப் பதினாறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு உங்கள் மேல் அக்கறை இருக்கிறதா? ஒன்று என்றால் இல்லவே இல்லை, ஐந்து என்றால் முழுக்க உண்டு. பெயர் எழுத வேண்டாமாம். இந்த ஷிப்டில் நான் ஒருத்திதான் பெண். 'பெண்' என்ற கட்டத்தில் டிக் அடித்த பிறகு பெயர் எதற்கு?

வெள்ளை மீசை ஷிப்ட் மேஸ்திரி ரஷ்வான் தாளை மூக்கருகே பிடித்துப் படித்தார். "கல்யாணமாகி இருபது வருஷம் கழிச்சு, பொண்டாட்டிகிட்ட 'என்னைப் புடிச்சிருக்கா'ன்னு கேக்கற மாதிரி இருக்கே" என்றார். பாகு காய்ச்சும் ஆட்கள் சிரித்த சிரிப்பில் நீராவிச் சத்தமே கேட்கவில்லை.

நான் பேனாவை எடுத்தேன். பதினாறுக்கும் ஐந்து.

ஜனவரி 13

ஐந்து போட்டது மேலிடத்துக்குப் பயந்தா என்று கணவர் கேட்டார். ஸலாமா பள்ளிக்கூட வாத்தியார். எல்லாவற்றுக்கும் காரணம் கேட்பார்.

காரணம் இருக்கிறது. மூன்று வருஷம் முன்பு என் முழங்கால் சவ்வு கிழிந்தது. லேப் இருப்பது முப்பத்தெட்டு இரும்புப் படிகளுக்கு மேலே. மணிக்கு ஒரு தடவை கீழே இறங்கி, ஐந்து குழாயிலும் சாறு பிடித்து, மேலே ஏற வேண்டும். விடுப்பு முடிந்து நான் வந்த அன்று, முதல் மணி அடிப்பதற்குள் ஐந்து பாட்டில்கள் என் மேசைக்கு வந்துவிட்டன. கழுத்தில் நூல் கட்டி, கோணல் எழுத்தில் குழாய் எண் எழுதியிருந்தது. இரண்டு மாதம் அப்படியே நடந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. மேலாளர் ஒருநாள் மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டார். "எந்தச் சட்டத்துல ஆளை மேல அனுப்பறீங்க?" மேஸ்திரி அசரவில்லை. "முழங்கால் சட்டத்துல சார்."

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஐந்துக்கு மேல் எண் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

ஜனவரி 24

தச்சுப் பட்டறை நுஃமானின் அம்மா இறந்துவிட்டார். வாசல் பலகையில் எழுதினேன். இறந்தவர், ஊர், பஸ் புறப்படும் நேரம், பிறகு வழி: ரொட்டிச் சூளை தாண்டி இடது பக்கம், இரண்டு பேரீச்சை மரம் ஒட்டி நிற்கும் வீடு. ஆலையில் துக்கச் செய்தி எழுதுவது பத்தொன்பது வருஷமாக என் கை. எழுத்து நன்றாக இருக்கிறது என்று ஆரம்பித்தார்கள். இப்போது யாருக்கு எந்த ஊர், எந்தத் தெரு என்பதெல்லாம் என் தலைக்குள்தான் இருக்கிறது.

பஸ் ஓட்டும் ஷாஸ்லி படித்துவிட்டுச் சொன்னார்: "உங்க எழுத்து இருந்தா கண்ணை மூடிட்டு ஓட்டுவேன் அக்கா."

"கண்ணைத் திறந்துகிட்டே ஓட்டுங்க அண்ணே. உள்ள நாப்பது பேரு இருக்காங்க."

எங்கள் ஆலையில் எத்தனையோ ஓட்டை. மழை பெய்தால் கிடங்கு ஒழுகும், சம்பளச் சீட்டில் பெயர் தப்பாக வரும். ஆனால் ஒருவன் வீட்டில் சாவு விழுந்தால் பஸ் போகும். ஷிப்ட் முடிந்து குளித்து, நல்ல ஜிப்பாவோ துவைத்த சட்டையோ போட்டுக்கொண்டு போவார்கள். பந்தல் வாசலில் வரிசையாக நிற்பவர்களின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்வார்கள். உட்கார்ந்து ஓதுவதைக் கேட்டு, சர்க்கரை போடாத காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். சர்க்கரை ஆலைக்காரர்கள் அன்று மட்டும்தான் சர்க்கரை இல்லாமல் குடிப்பது. மறுநாள் அதைப் பற்றி ஒரு பேச்சு இருக்காது. செய்ததைச் சொல்லிக் காட்டுவது எங்கள் பக்கம் அசிங்கம். வராதவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்பது அதைவிட அசிங்கம்.

பிப்ரவரி 3

சித்தப்பா மகள் நர்மீன் கெய்ரோவிலிருந்து பேசினாள். அவள் வேலை பார்க்கும் பழச்சாறு கம்பெனிக்கு லேப் தலைமைக்கு ஆள் வேண்டுமாம். குளிர்சாதன அறை. படியே கிடையாது, லிஃப்ட். "மாசக் கடைசிக்குள்ள சொல்லு. அந்தச் சக்கைத் தூசிக்குள்ள எத்தனை வருஷம்டி இருமிட்டு இருப்ப?" என்றாள்.

எங்கள் சக்கைத் தூசிக்கு ஒரு வாசனை உண்டு, உனக்கு அது தெரியாது என்றேன். சிரித்தாள்.

பிப்ரவரி 9

அப்பா போய்விட்டார். அண்ணன் அதிகாலையில் போன் செய்தான்.

பிப்ரவரி 10

பனீ ஸுஹைல், அப்பா வீடு. பெண்கள் உள்ளே, ஆண்கள் வெளியே பந்தலில். கால்வாய்ச் சாலையின் வடக்கு முனையிலும் நேற்று ஒரு சாவாம். அங்கே ஓதுவதும் இங்கே ஓதுவதும் ஒலிபெருக்கியில் ஒன்றோடொன்று மோதுகின்றன. அப்பாவுக்குக் கூச்சல் பிடிக்காது.

ஆலைக்கு நேற்றே சொல்லிவிட்டேன். மணி நாலிலிருந்து ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்திருந்தேன். நம் பஸ்ஸின் ஹாரன் எனக்குத் தெரியும், கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். அழுபவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஹாரனுக்குக் காது கொடுப்பது வெட்கமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 11

இன்று மூன்றாம் நாள், பந்தலைப் பிரித்துவிட்டார்கள். அண்ணன் ஃபுஆதிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். எங்க ஆலையிலிருந்து யாராவது வந்தாங்களா?

"ஆலையிலிருந்தா? ஒருத்தரையும் பாக்கலையே."

"நேத்து சாயங்காலம்? பஸ்ஸுல?"

"பஸ்ஸு வந்தா எனக்குத் தெரியாதா இன்திஸார்? அவ்வளவு பேரு உக்கார நாற்காலிக்கு எங்க போவேன்?"

சரி என்று சொல்லிவிட்டுக் காபிக் கோப்பைகளைக் கழுவப் போனேன். நூறு கோப்பைக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் கழுவினேன்.

பிப்ரவரி 17

வேலைக்குத் திரும்பினேன். 84.1.

ஒவ்வொருவராக வந்து, அல்லாஹ் பொறுமையைத் தரட்டும் என்றார்கள். மேஸ்திரி லேப் வாசல் வரை ஏறி வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்க பக்கம் ஏதாவது குறை இருந்தா மனசுல வச்சுக்காதம்மா" என்றார். எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். நன்றி மேஸ்திரி என்றேன்.

மூன்று வருஷம் முன்பு போலவே பாட்டில்கள் மட்டும் நேரத்துக்கு மேலே வந்துவிட்டன. நானே இறங்கிக்கொள்கிறேன், முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினேன்.

பிப்ரவரி 20

எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியல.

அறுபத்து மூணு சாவுக்கு நான் எழுதியிருக்கேன். எண்ணிப் பார்த்தேன். அறுபத்து மூணு! கிடங்குக் காவலாளியோட மாமியாருக்குக்கூடப் பஸ் போச்சு. மாமியாருக்கு! அந்தம்மா இவரைப் பத்து வருஷமா வீட்டுக்குள்ள சேர்க்கல. அதுக்கும் போய் உக்காந்து கேட்டுட்டு வந்தாங்க. என் அப்பாவுக்கு மட்டும் என்ன? நான் பொம்பளை, என் வீட்டுப் பந்தலில் யார் கையைப் பிடிக்கறதுன்னு தெரியலையா? எழுத ஆள் இல்லேன்னா சாவே இல்லேன்னு ஆயிடுமா?

பலகையைப் போய்ப் பார்த்தேன். வழக்கம்போல அழித்திருந்தது. எழுதினார்களா, எழுதவே இல்லையா, யாருக்குத் தெரியும்?

கெய்ரோத் தாள் இன்னும் மேசை இழுப்பறையில் கிடந்தது. வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை, அதுவும் எங்கள் ஆலையின் லட்சணம். பதினாறு ஐந்தையும் அடித்து ஒன்று போட்டேன். பிறகு நர்மீனுக்குப் பேசினேன்.

ஸலாமா எதுவும் கேட்கவில்லை. "கெய்ரோவுலயும் பள்ளிக்கூடம் இருக்கும்" என்றார், அவ்வளவுதான்.

பிப்ரவரி 23

ராஜினாமாக் கடிதம் தட்டச்சு செய்தாயிற்று. நான்கே வரி. பையில் இருக்கிறது. மேலாளர் வியாழன்தான் வருவார்.

பிப்ரவரி 25, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணி இருக்கும். மேலாளர் அறைக்குப் போக எழுந்தேன், கடிதம் கையில். வாசல் குமாஸ்தா ஓர் ஆளைப் படியேற்றிக் கூட்டி வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் எண்ணெய்க் கறை, கழுவியும் போகாத கறை. தலையில் ஒரு கூடை, மேலே வெள்ளைத் துணி.

"இவரு வீட்டுச் சாவுக்கு நம்ம பஸ்ஸு போச்சாம். நன்றி சொல்ல வந்திருக்காரு. எந்தச் சாவு, யாரு வீடுன்னு எனக்கு வெளங்கல. உங்களுக்குத்தானே தெரியும்" என்று விட்டுவிட்டுக் குமாஸ்தா இறங்கிவிட்டார்.

எந்த ஊர் என்று கேட்டேன்.

"பனீ ஸுஹைல் அக்கா. கால்வாய்ச் சாலை, வடக்கு முனை."

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அவர் பெயர் தஸூக்கி. நெடுஞ்சாலையில் பஞ்சர் ஒட்டி டயருக்குக் காற்றடிக்கும் கடை. ஒன்பதாம் தேதி இறந்தது அவர் அப்பா அவத். "எங்கப்பா இங்கதான் ரெண்டு சீசன் வேலை பாத்தாரு அக்கா. வேகன்ல கரும்பு ஏத்தற வேலை. நான் அப்ப பொறக்கவே இல்ல. சாகற வரைக்கும் அதையேதான் பேசுவாரு. 'எங்க ஆலை, எங்க ஆலை'ம்பாரு. நாங்க கிண்டல் பண்ணுவோம், 'உங்க ஆலைக்கு நீங்க யாருன்னே தெரியாது, போங்கப்பா'ன்னு."

கூடையை இறக்கி வைத்தார்.

"அன்னிக்கு அம்பது நாற்காலி வாடகைக்கு எடுத்தேன். பதினஞ்சு பேருதான் வந்தாங்க. காலி நாற்காலியப் பாக்க முடியாம நான் வாசல்லயே நின்னேன். அப்பத்தான் உங்க பஸ்ஸு வந்துச்சு. பக்கத்துல ஆலை பேரு. எறங்கறாங்க, எறங்கறாங்க, எறங்கிக்கிட்டே இருக்காங்க. நாப்பத்து மூணு பேரு! எங்க மாமனுங்க எல்லாம் எழுந்து எடம் விட்டாங்க. வெள்ள மீசை வச்ச ஒருத்தரு, பெரியவரு, என் கையப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல."

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"'அளவுல ஒரு நாளும் பொய் சொல்லாத புள்ளைய வளத்தவரு உங்க வீட்டுப் பெரியவரு. எங்க ஆலைக்கு அது தெரியும், நாங்க மறக்க மாட்டோம்'னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு அக்கா. நான் காத்து அளவுல யாரையும் ஏமாத்தினதில்ல, சத்தியமா. முப்பதுன்னா முப்பதுதான் அடிப்பேன். ஆனா இது ஆலை வரைக்கும் எப்படித் தெரிஞ்சுது? அன்னையிலேருந்து கடையில குனியறப்ப எல்லாம் அந்த வார்த்தைதான் ஞாபகம் வருது."

அது என்னைப் பற்றி மேஸ்திரி சொன்ன வார்த்தை. என் பெயரை எப்படிச் சொல்வார் அந்த மனுஷன்? அந்நிய ஆண்கள் உட்கார்ந்திருக்கும் பந்தலில் ஒரு பெண்ணின் பெயரை எங்கள் ஊர் ஆண் சொல்ல மாட்டான். பிள்ளை என்றுதான் சொல்வார். யாருடைய சாவு என்றும் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பந்தல் வாசலில் நின்று அதைக் கேட்பார்களா யாராவது? ஆலைப் பக்கமிருந்து, வடக்கே இருந்து வந்தால் முதலில் வருவது அந்தப் பந்தல். மதகு தாண்டி, எங்கள் வீடு தெற்கு முனை என்று எழுத அன்று நான் இல்லை.

சொல்லியிருக்கலாம். தம்பி, அந்தப் பஸ் எங்கப்பாவுக்கு வந்தது என்று. வாய் வரை வந்தது. ஆனால் அந்த ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? பதினஞ்சு பேர் வந்த பந்தல் அது. எங்கள் பந்தலில் நூறு கோப்பைக்கு மேல் நான் கழுவினேன்.

"வாங்க தம்பி, மேஸ்திரியைப் பாக்கலாம்" என்று எழுந்தேன். கடிதம் மேசையிலேயே கிடந்தது.

மேஸ்திரி முந்திக்கொண்டு ஏதாவது உளறிவிடக் கூடாதே என்று பாதிப் படியிலேயே கத்தினேன். "மேஸ்திரி! பனீ ஸுஹைலுக்குப் பஸ்ஸுல போனீங்களே, நம்ம அவத் மாமா, வேகன்ல கரும்பு ஏத்தினவரு, அவரு மகன் வந்திருக்காரு!"

அவர் என்னைப் பார்த்தார். தஸூக்கியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நாற்பது வருஷம் பாகு பார்த்த கண், பதம் தவறியதைப் புரிந்துகொள்ள ஒரு நொடிதான் ஆயிற்று. மீசை துடித்தது. பிறகு இரண்டு கையையும் விரித்துத் தஸூக்கியைக் கட்டிக்கொண்டார். "வா மகனே. உங்கப்பா ஆலைக்கு நீ வர இத்தனை நாளாச்சா?"

கூடையில் வெயிலில் புளிக்க வைத்த ரொட்டி இருந்தது. ஆலையில் கருப்புப் பாகுக்கா பஞ்சம்? ஷிப்டே உட்கார்ந்து தொட்டுத் தின்றது. தஸூக்கி போன பிறகுதான் மேஸ்திரி தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தார். முப்பத்தெட்டுப் படி ஏறி மூச்சு வாங்கியது.

"நாப்பத்து மூணு பேரக் கூட்டிட்டுப் போயி அடுத்தவன் வீட்டுல உக்காந்துட்டு வந்திருக்கேன். நீ பதினஞ்சு நாளா என்ன நெனச்சிருப்ப?"

"கெட்டதாத்தான் நெனச்சேன்."

"கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்க சொல்லியிருக்கலாமில்ல?"

இரண்டும் செய்யக்கூடாதவை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் சிரிக்க ஆரம்பித்தார், நானும் சிரித்தேன், பிறகு நான் அழுதுவிட்டேன். அப்பா போனதிலிருந்து இப்படி நான் அழவில்லை.

மேலாளர் மூன்று மணிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

பிப்ரவரி 26

நர்மீனிடம் வரவில்லை என்று சொன்னேன். "லிஃப்ட்டுடி!" என்று கத்தினாள்.

பிப்ரவரி 29

விஷயம் ஷிப்டுக்குள் பரவிவிட்டது. பாவம் ஷாஸ்லி, தலை காட்ட முடியவில்லை. "ஷாஸ்லி அண்ணே, வீட்டுக்குப் போறப்ப பாத்துப் போங்க, பக்கத்து வீட்டுப் பொண்டாட்டி கதவத் தொறந்துடப் போறா" என்று கேலி செய்கிறார்கள். அன்று பலகையில் எழுதியதும் அவர்தானாம். 'லேப் சகோதரியின் தந்தை, பனீ ஸுஹைல், கால்வாய்ச் சாலை.' அவ்வளவுதான் வழி.

ஆனால் ஆலைக்கு வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது என்று மேஸ்திரி உத்தரவு. "அவன் காதுல விழுந்துச்சு, விட்டவன் நாக்க அரவையில குடுத்துடுவேன்." நாற்பத்து மூன்று வாயும் மூடிக்கொண்டன. மனைவிமாரிடம்கூடச் சொல்லவில்லையாம். இதை நம்புவது கஷ்டம், ஆனாலும் நம்புகிறேன்.

மார்ச் 5

மேஸ்திரி மூன்று நாளாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போகிறார் என்று பேசிக்கொண்டார்கள். இன்று தெரிந்தது. பழைய பதிவேட்டு அறை. சீசன் கூலிகளின் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்கிறார். சட்டையெல்லாம் தூசி, கண் சிவந்திருந்தது. அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

பழுப்புத் தாள். அவத் என்ற பெயர். ஊர் பனீ ஸுஹைல். வேலை, வேகன் ஏற்றம். பக்கத்தில் கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் ரேகை. அடுத்த சீசனிலும் அதே ரேகை.

"நான் அவன்கிட்ட பொய் சொல்லல பாரு" என்றார். "ஆலைக்கு ஞாபகம் இருக்கு. தேடறதுக்குத்தான் கொஞ்சம் நேரமாச்சு."

இந்த மனுஷனைப் பற்றி அந்தக் கெய்ரோத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை. ஒரு வார்த்தை தப்பாக ஒருவன் கையில் போய்ச் சேர்ந்துவிட்டது, அதை மெய்யாக்க மூன்று நாள் பட்டினி கிடந்திருக்கிறார். எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. நின்றேன். "என்னம்மா, முழங்கால் வலியா?" என்றார்.

மார்ச் 12

கெய்ரோவிலிருந்து ஞாபகக் கடிதம். தாள் இன்னும் வரவில்லையாம். என் தாளில் ஐந்தை அடித்து ஒன்று, ஒன்றை அடித்து மறுபடி ஐந்து. கண்றாவியாக இருக்கிறது. வேறு தாள் கேட்டேன், இல்லை என்றார்கள். அப்படியே கொடுத்துவிட்டேன். அடித்தல் திருத்தலோடு அவர்கள் பார்க்கட்டும்.

மார்ச் 19

அப்பாவின் நாற்பதாம் நாள். பலகையில் நானே எழுதினேன். சொந்த அப்பாவுக்கு எழுதக் கை வராது என்று நினைத்தேன், வந்தது. வழியை நான்கு வரிக்கு எழுதினேன்.

ஐந்து மணிக்குக் கரகரப்பு ஹாரன். அண்ணன் உள்ளே ஓடி வந்தான். "இன்திஸார், பஸ்ஸு! நாற்காலி பத்தாது!" ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதலில் இறங்கியது ஆலை ஆள் இல்லை. தஸூக்கி. ஷாஸ்லி அவர் கடை வாசலில் நிறுத்தி, 'வழி காட்ட வா' என்று ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பிறகு மேஸ்திரி. பிறகு இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நாற்பத்து நான்கு பேர்.

அப்பா, பாத்தீங்களா?

போகும்போது தஸூக்கி பெண்கள் பக்கத்துக் கதவுக்கு வந்து என்னைக் கேட்டாராம். வாசல்படிக்கு வந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உங்கப்பாவும் ஒம்பதாம் தேதிதான்னு உங்கண்ணன் சொன்னாரு."

"ஆமா தம்பி."

"பந்தலும் இதே சாலையில."

"ஆமா."

கையில் இருந்த கறையைத் தேய்த்துக்கொண்டார்.

"அக்கா, அன்னிக்கு அந்தப் பஸ்ஸு எங்கப்பாவுக்குன்னுதானே வந்துச்சு?"

பின்னால் பந்தலில் மேஸ்திரி காபிக் கோப்பையைக் கீழே வைக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பாவுக்குத்தான்" என்றேன்.

மார்ச் 20

பத்தொன்பது வருஷத்தில் நான் சொன்ன முதல் தப்பான அளவு நேற்றையது. திருத்தப்போவதில்லை.

இன்று காலை முதல் சாறு 85.3. இது சரியான அளவு.